புதுப்பிப்பு: மீசப்புலிமலை ஏற்றத்தில் வாட்ச் காட்டும் உயரம்

மூணாறு பக்கம் மலையேறுவோருக்கான முந்தைய இழையில், கிளம்பும் இடத்தில் ஒரு தடவை உயரத்தைச் சரிசெய்தால் போதும் என்று எழுதியிருந்தேன். போதாது. திருத்திக்கொள்ளுங்கள்.

ஆல்டிமீட்டர் (உயரமானி) உள்ள ஜிபிஎஸ் வாட்ச் உயரத்தைக் காற்றழுத்தத்தில் இருந்துதான் கணக்கிடுகிறது. நம் பகுதியில் வானம் தெளிவாக இருந்தாலும் அழுத்தம் காலை 10 மணிவாக்கில் உச்சம் தொட்டு, மாலை 4 மணிக்கு 2, 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இறங்கிவிடும். அழுத்தம் குறைந்தால் நாம் மேலே ஏறிவிட்டதாக வாட்ச் எடுத்துக்கொள்ளும்; 2000 மீட்டருக்கு மேல் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் 10 மீட்டர் ஏறியதாகக் கணக்கு. ஆக, கூடாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே சாயங்காலத்துக்குள் 20, 30 மீட்டர் ஏறியதாகக் காட்டும். எனவே உச்சியில் அதன் உயரமான 2640 மீட்டர் என்று மறுபடி சரிசெய்யுங்கள். முகாமிலும் மறுநாள் கிளம்பும்முன் ஒருமுறை.

உயரம் நகராமல் நின்று திடீரெனத் தாவினால், சென்சார் துளையில் வியர்வையோ சேறோ அடைத்திருக்கும். ஊசியால் குத்தவே குத்தாதீர்கள், சென்சார் போய்விடும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டால் போதும்.

சோலைக்காட்டில் வாட்சில் பதியும் தடம் கோணலாக விழுவது வேறு கோளாறு: இலைக்கூரை ஜிபிஎஸ் சிக்னலை மறைக்கிறது. வெட்டவெளியிலேயே சிக்னல் பிடித்துவிட்டு உள்ளே நுழையுங்கள்.