ஏலம் தோற்ற பிறகு தனி மின்னஞ்சலில் வந்த சலுகை: எக்கோ சவுண்டருக்குப் பணம் அனுப்பலாமா?

கேள்வி: மண்டபத்திலிருந்து ஒரு படகுக்காரர் மகன்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மண்டபத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்த்தபோது, எக்கோ சவுண்டரின் (ஒலியை அனுப்பிக் கடலின் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) திரை முழுவதும் கறுத்துப்போயிருப்பது தெரிந்தது. அந்த மாடலைத் தயாரிப்பது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. படகின் அடியில் பொருத்தியுள்ள, ஒலியை அனுப்பித் திரும்பப் பெறும் டிரான்ஸ்டியூசர் நன்றாக இருப்பதால், திரைப்பெட்டி மட்டும் கிடைத்தால் போதும் என்கிறார் அப்பா.

இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் விசாரித்துக் கிடைக்காததால் அமெரிக்க ஏலத் தளம் ஒன்றில் தேடினேன். அதே மாடல் ஏலத்தில் இருந்தது. 180 டாலரை என் உச்சவரம்பாகப் பதிந்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை 7.30 மணிக்கு ஏலம் முடிந்தபோது வேறொருவர் 212 டாலருக்கு எடுத்திருந்தார். இரண்டு நாள் கழித்து என் சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. வென்றவர் பின்வாங்கிவிட்டதால் 180 டாலருக்கே எனக்குத் தருவதாகவும், தளத்தின் கட்டணத்தைத் தவிர்க்க ஒரு வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் 20 டாலர் குறைப்பதாகவும், சுங்க வரி வராமல் இருக்கப் பெட்டியின் மேல் ‘அன்பளிப்பு’ என்று எழுதுவதாகவும் அதில் இருக்கிறது. பொருளின் அதே படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. துபாயில் இருக்கும் என் மச்சான் தம்முடைய அட்டையில் கட்டித் தருவதாகச் சொல்கிறார். தடை முடியும் முன் பெட்டி கைக்கு வர வேண்டும் என்பதால் அவசரமாக இருக்கிறது. அனுப்பலாமா?

பதில் 1: இராமநாதபுரம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

தம்பி, ஒரு ரூபாய் கூட அனுப்ப வேண்டாம். ஏலத்தில் தோற்றவருக்கு விற்பவர் மறுவாய்ப்பு தருவது உண்மையிலேயே உள்ள நடைமுறைதான். ஆனால் ஈபே போன்ற தளத்தில் அந்த வாய்ப்பு உங்கள் கணக்குக்குள் இருக்கும் செய்திப் பெட்டியிலும் வந்திருக்கும். பணம் கட்டுவதும் அந்தத் தளத்தின் வழியாகவே நடக்கும். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டித் தளத்துக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே அந்தச் செய்தி இல்லை என்றால் கடிதம் எழுதியவர் விற்பவரே அல்லர். படங்களை யாரும் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ள முடியும்.

நேரடி வங்கிப் பரிமாற்றம், வெஸ்டர்ன் யூனியன் போன்ற வழிகளில் போன பணத்துக்குத் தளம் பொறுப்பேற்காது. நம் வங்கியும் எளிதில் மீட்டுத் தர இயலாது. ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதிப்படி, நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போனால் 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்குப் பொறுப்பு இல்லை என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாமே விரும்பி அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்கச் சிறிதாவது வாய்ப்புண்டு.

கட்டும் வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடன் அட்டையில் கட்டுவது நல்லது. டெபிட் அட்டையில் போவது நம் சேமிப்பு, கடன் அட்டையில் கட்டியதைத் திருப்பிக் கேட்டு வங்கியிடம் தகராறு எழுப்பும்போது சேமிப்பு கையில் இருக்கும். ரூபே அட்டையைப் பல வெளிநாட்டுத் தளங்கள் ஏற்பதில்லை. 2020 அக்டோபர் முதல் வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வருகிறது. வங்கியின் செயலியில் அதைத் திறந்து, வேண்டிய தொகையை மட்டும் வரம்பாக வைத்து, கட்டி முடித்ததும் மூடிவிடுங்கள். பல வெளிநாட்டுத் தளங்கள் ஓ.டி.பி. கேட்காமலே பணத்தை எடுத்துவிடும் என்பதால் இந்த வரம்புதான் உங்கள் கதவுத் தாழ்ப்பாள். நாணய மாற்றுக் கட்டணமாக வங்கி பெரும்பாலும் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுப்பதையும், அதன் மேல் ஜி.எஸ்.டி. வருவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மச்சான் அட்டை வேண்டாம். பணம் திரும்பினால் கட்டிய அட்டைக்குத்தான் திரும்பும். தகராறு எழுப்ப வேண்டியவரும் அவராகிவிடுவார்.

பதில் 2: தங்கச்சிமடம், படகு மின்கருவி பழுதுபார்ப்பவர்

மேலே ஐயா சொன்னதுடன் பொருளைப் பற்றி நான் சொல்கிறேன். திரைப்பெட்டி மட்டும் வாங்குவதால் பின்பக்கச் சொருகியின் படத்தை அவசியம் கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மாடல்களில் கூட முள் எண்ணிக்கை மாறும். உங்கள் டிரான்ஸ்டியூசர் கம்பியின் முனையைப் படம் எடுத்து அனுப்பி, பொருந்துமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். டிரான்ஸ்டியூசரின் அதிர்வெண்ணும் ஒத்துப்போக வேண்டும். 50, 200 கிலோ ஹெர்ட்ஸ் இரண்டும் உள்ள பெட்டிகள் அதிகம். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் நமக்கு 200தான் வேலை செய்கிறது.

திரையில் மீன் ஓடுகிற படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். டிரான்ஸ்டியூசர் இணைக்காமலே பொய்க்காட்சி காட்டும் ‘சிமுலேட்டர்’ முறை இந்தப் பெட்டிகளில் உண்டு; படத்தைப் பெரிதாக்கினால் ஓரத்தில் அந்தச் சொல் தெரியும். அது திரை எரிகிறது என்பதற்கு மட்டுமே சான்று. விவரத்தில் ‘உதிரிபாகத்துக்கு மட்டும்’, ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் விலையைப் பார்க்காமல் விலகிவிடுங்கள். உண்மையைச் சொல்லி விற்றதாகவே அது கணக்காகும். வேலை செய்யவில்லை என்று பிறகு புகார் செய்ய இடமிருக்காது.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். சில விற்பனையாளர்கள் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைக்கருவியையும் சேர்த்துக் கட்டாக விற்கிறார்கள். துராயா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசிகளை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் நாம் வைத்திருக்கக்கூடாது. கடலோரக் காவல்படையின் கண் எப்போதும் இருக்கும் நம் கரையில் அப்படியொரு பெட்டி உங்கள் பெயருக்கு வந்தால் எக்கோ சவுண்டர் போவதோடு முடியாது, வழக்கும் வரும். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

பதில் 3: கீழக்கரை, நிழற்படக் கடை வைத்திருப்பவர்

நான் பணம் இழந்தவன் என்பதால் எழுதுகிறேன். பழைய கேமரா லென்ஸ் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்கினேன். தளத்தின் வழியாகத்தான் கட்டினேன், அதில் தவறில்லை. பொருள் வரவில்லை. கேட்டபோதெல்லாம் விற்பவர் மிகவும் மரியாதையாக, ‘உங்கள் நாட்டுச் சுங்கத்தில் இருக்கிறது, இன்னும் பத்து நாள் பொறுங்கள்’ என்றே எழுதினார். சுங்கம் தாமதிப்பது நமக்குப் பழக்கம்தானே என்று நானும் பொறுத்தேன். புகார் செய்யும் கெடு முடிந்த மறுநாளிலிருந்து அவரிடமிருந்து பதில் இல்லை. 9,400 ரூபாய் போயிற்று.

ஆகவே பணம் கட்டிய அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஈபேயில், பொருள் வந்துசேரும் என்று காட்டிய கடைசி நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முறையீடு செய்ய வேண்டும்; விற்பவர் 3 வேலை நாட்களில் சரிசெய்யாவிட்டால் தளத்தையே தலையிடக் கேட்கலாம். பேபால் என்ற பணப் பரிமாற்றச் சேவையில் கட்டினால் கட்டிய நாளிலிருந்து 180 நாட்கள் உண்டு. ஆனால் ‘நண்பர், குடும்பத்தார்’ என்ற முறையில் அனுப்பினால் அதுவும் கிடையாது. முறையீடு செய்வது விற்பவரை அவமதிப்பது ஆகாது. பொருள் வந்துவிட்டால் அதை நாமே மூடிவிடலாம். இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

‘அன்பளிப்பு’ என்று எழுதுவதாகச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. 5,000 ரூபாய் வரை வரியில்லாமல் அன்பளிப்பு வரவழைக்கும் சலுகை 2019 டிசம்பர் 12ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விலைக்கு வாங்கியதை அன்பளிப்பு என்பது பொய்யான அறிவிப்பு. பெட்டியைச் சுங்கத்தில் பிரித்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உண்மையான விலையை எழுதச் சொல்லி, ரசீதை வைத்துக்கொண்டு, வரியைக் கட்டிவிடுங்கள். அஞ்சலில் வந்தால் தபால்காரரிடமே கட்டலாம். கூரியர் என்றால் முன்கூட்டியே அடையாளச் சான்று கேட்பார்கள். அதை அந்த நிறுவனத்தின் தளத்தில் மட்டுமே கொடுங்கள். ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது’ என்று கைப்பேசிக்கு வரும் இணைப்பில் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: ஜூன் முதல் வாரம்

பெரியவர்கள் அனைவருக்கும் என் நன்றி. அன்று இரவே தளத்துக்குள் நுழைந்து பார்த்தேன். செய்திப் பெட்டியில் ஒன்றும் இல்லை. விற்பவருக்கு அங்கிருந்தே எழுதிக் கேட்டதில், வென்றவர் பணம் கட்டிப் பொருளும் அனுப்பியாகிவிட்டது என்று பதில் வந்தது.

பிறகு ஏலமில்லாமல் நிலையான விலைக்கு அதே மாடலை வைத்திருந்த வேறொருவரிடம் 205 டாலருக்கு வாங்கினேன். சொருகியின் படத்தைக் கேட்டேன். ஆறு முள், நம்முடையதும் ஆறு. அட்டையில் 25,000 ரூபாய் வரம்பு வைத்துக் கட்டி, உடனே மூடிவிட்டேன். முறையீட்டுக்கான கடைசி நாளை அப்பா வீட்டு நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிட்டார். பெட்டி மூன்றரை வாரத்தில் அஞ்சலில் வந்தது. வரியைக் கட்டி, பிரிப்பதை முழுவதும் காணொளியாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் படகு இன்னும் கரையில்தான் இருக்கிறது. அதனால் டிரான்ஸ்டியூசரைக் கழற்றி, தடைக்கு உட்படாத பெரியப்பா மகனின் வள்ளத்தில் பக்கவாட்டில் கட்டி, 12 வோல்ட் பேட்டரியுடன் பாம்பன் பாலத்துக்கு வெளியே கொண்டுபோனோம். அமெரிக்கப் பெட்டி என்பதால் திரை அடிக்கணக்கில் 15 என்று காட்டியது. அப்பா ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, கையை விரித்து, ஆறடிக்கு ஒரு பாகம் என்று அளந்தார். சரியாக இரண்டரைப் பாகம்.