ஒரே நோயாளி, ஒரே சூடோமோனாஸ், ஆனால் 400-க்கும் மேற்பட்ட எஸ்.என்.பி.: புதிய தொற்றா, என் ஆய்வகப் பிழையா?

குறிஞ்சி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஐரோப்பாவில் ஒரு மருத்துவமனையோடு இணைந்த ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவி. நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும் மரபுநோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஒருவரின் சளியிலிருந்து 7 ஆண்டுகளில் எடுத்து உறைநிலையில் வைத்திருந்த 9 சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியா ஐசோலேட்டுகளை (தனியே பிரித்து வளர்த்த மாதிரிகளை) இல்லுமினா கருவியில் டி.என்.ஏ. வரிசையாக்கியிருக்கிறேன். கவரேஜ் (ஒவ்வோர் இடமும் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பது) சராசரியாக 90 மடங்கு. ரீடுகளை (கருவி படித்த டி.என்.ஏ. துண்டுகளை) ஒப்பீட்டு வரிசையாகிய பி.ஏ.ஓ.1 ரெஃபரன்ஸோடு பொருத்தி, ஒரு நிலையில் 60 சதவீத ரீடுகள் மாற்றத்தைக் காட்டினாலே ஏற்றுக்கொள்ளும்படி வரம்பு வைத்தேன்.

முதல் 6 ஐசோலேட்டுகளும் தமக்குள் 8 முதல் 24 எஸ்.என்.பி. (ஓர் எழுத்து, அதாவது ஒரு பேஸ், மாறிய இடங்கள்) வரை மட்டுமே வேறுபடுகின்றன. ஆனால் முதல் ஐசோலேட்டோடு ஒப்பிடும்போது 7-ஆவது 430 இடங்களிலும், 8-ஆவது 462 இடங்களிலும், 9-ஆவது 207 இடங்களிலும் வேறுபடுகின்றன. எம்.எல்.எஸ்.டி. வகை (சில மரபணுக்களை மட்டும் வைத்துத் தரும் வகை எண்) ஒன்பதுக்கும் ஒன்றுதான். பி.ஏ.ஓ.1-இலிருந்து எல்லாமே ஏறத்தாழ 26,000 எஸ்.என்.பி. தள்ளி இருக்கின்றன.

கடைசி மூன்றும் வளர்ப்பிலேயே தொல்லை கொடுத்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டில் காலனிகள் கஞ்சி போல ஒன்றோடொன்று ஒழுகிச் சேர்ந்தன. அகாரே இரண்டு நாளில் காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு மாறியது. டி.என்.ஏ. பிரிக்கும்போது வழவழப்பு பிரிப்புக் குழாயின் வடிகட்டியை அடைத்துக்கொண்டதால், சி.டாப் என்ற வேதிப்பொருள் முறையில் மறுபடியும் பிரித்தேன். அந்தக் குழப்பத்தில் குழாய்களை மாற்றிவிட்டேனோ என்ற பயம் என்னை விடவில்லை.

இவருக்குப் புதிய வகை தொற்றியிருக்கிறதா, தொற்றியிருந்தால் கிளினிக்கில் வேறொருவரிடமிருந்து வந்ததா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். ஆம் என்று நான் எழுதினால் அவர் வரும் நாளையும் அறையையும் மாற்றுவார்கள். பல ஆண்டுகளாகப் பழகிய செவிலியர்கள்கூட அவருக்கு மாறிப்போவார்கள். தவறாக எழுதிவிடக் கூடாது என்பதால்தான் கேட்கிறேன்.

மரபன் பதில்:

முதலில் ரெஃபரன்ஸை மாற்றுங்கள். பி.ஏ.ஓ.1 என்பது மெல்போர்னில் ஒரு காயத்திலிருந்து எடுக்கப்பட்ட வகை. அதன் சுமார் 63 லட்சம் பேஸ் கொண்ட மரபணுத்தொகை 2000-இல் வெளியானது. நல்ல அளவுகோல்தான், ஆனால் உங்கள் நோயாளியின் நுரையீரலில் இருப்பது அதன் தூரத்து உறவு. உங்கள் வகையில் மட்டும் உள்ள ஃபாஜ் (பாக்டீரியா வைரஸ்) துண்டுகளும் மரபணுத் தீவுகளும் பி.ஏ.ஓ.1-இல் இல்லாததால், அவற்றின் ரீடுகள் ஒன்று தொலைந்துபோகும், அல்லது ஒத்திருக்கும் வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு பொய்யான எஸ்.என்.பி.களை உண்டாக்கும். 1-ஆவது ஐசோலேட்டின் ரீடுகளைக் கோத்து அசெம்பிள் செய்து அதையே ரெஃபரன்ஸாக வைத்து மற்ற எட்டையும் பொருத்துங்கள். முடிந்தால் அந்த ஒன்றை மட்டும் நானோபோரில் நீண்ட ரீடுகளாகவும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்பதுக்கும் தேவையில்லை.

உங்கள் கேள்விக்கான பாதி விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. தொடர்பில்லாத வகை ஒன்று வந்து பழையதை விரட்டியிருந்தால், வேறுபாடு 430 ஆக இருக்காது, பி.ஏ.ஓ.1-இலிருந்து தள்ளி நிற்பது போலவே ஆயிரக்கணக்கில் இருக்கும். குழாய் மாறியிருந்தாலும் அதே கதைதான். ஆனால் ஒரே எம்.எல்.எஸ்.டி. வகை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். லிவர்பூல் குழந்தைகள் கிளினிக்கில் பலருக்கும் ஒரே வகை பரவியிருந்ததை 1996-இல் கண்டறிந்தார்களே, அது போன்ற பரவும் வகையாக இருந்தால், பக்கத்து நோயாளியிடமிருந்து வந்ததும் அதே எம்.எல்.எஸ்.டி. எண்ணைத்தான் காட்டும்.

குறிஞ்சி:

மிக்க நன்றி ஐயா. 1-ஆவது ஐசோலேட்டை ரெஃபரன்ஸாக வைத்து மறுபடி ஓட்டினேன். 7-ஆவது 412, 8-ஆவது 441, 9-ஆவது 198. கொஞ்சம் குறைந்தது, ஆனால் புதிர் அப்படியே இருக்கிறது. இனம் கண்டறியும் கிராக்கன் மென்பொருளில் வேறு இனக் கலப்பு எதுவும் தெரியவில்லை.

வைகை பதில்:

குறிஞ்சி, எண்ணிக்கையைப் பார்ப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, அந்த 412 மாற்றங்களும் எந்த மாதிரியானவை என்று பாருங்கள். ஏ-யும் ஜி-யும் தமக்குள், சி-யும் டி-யும் தமக்குள் இடம் மாறும் டிரான்சிஷன்கள் மிகப் பெரும்பான்மையாக இருந்தால், பிழைதிருத்தும் பொறி பழுதாகியிருக்கிறது என்று பொருள். டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது நேரும் பொருத்தப் பிழைகளை மியூட்எஸ், மியூட்எல் புரதங்கள் கண்டுபிடித்துச் சரிசெய்யும்; அவற்றில் ஒன்று செயலிழந்தால் பாக்டீரியா ஹைப்பர்மியூட்டேட்டர் ஆகிவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரலில் இது அபூர்வமே அல்ல. ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் 30 நோயாளிகளில் 11 பேரிடம் இத்தகைய சூடோமோனாஸ் இருந்தது; சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லாத 75 பேரின் கடுந்தொற்றுகளில் ஒன்றுகூட இல்லை. நுரையீரல் பல ஆண்டுகள் மருந்தையும் அழற்சியையும் மாற்றி மாற்றித் தருகிறது; அங்கே வேகமாக மாறுகிற வகைக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

நீங்கள் இதுவரை எஸ்.என்.பி. பட்டியலை மட்டும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பரிணாம மரம் வரைவதற்கு அதுதான் வேண்டும். ஆனால் மியூட்எஸ் பெரும்பாலும் ஒரு பேஸ் கூடியோ குறைந்தோ உடைகிறது, அது பேஸ் கூடுதல், குறைதல்களைப் பட்டியலிடும் இன்டெல் கோப்பில்தான் இருக்கும். வழவழப்பைக் கட்டுப்படுத்தும் மியூக்ஏ மரபணுவையும் அங்கேயே தேடுங்கள். ஐந்து ஜி தொடராக வரும் இடத்தில் ஒரு ஜி விழுந்துபோவதுதான் வழவழப்புக் காலனிகளின் பழைய கதை.

9-ஆவது வேறு விஷயம் என்று எனக்குப் படுகிறது. அந்த 198 இடங்களில் எத்தனை சதவீத ரீடுகள் மாற்றத்தைக் காட்டுகின்றன என்று ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள்.

குறிஞ்சி:

வைகை அம்மா, நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. 7-லும் 8-லும் டிரான்சிஷன்கள் 90 சதவீதத்துக்கும் மேல். இரண்டிலும் மியூட்எஸ் மரபணுவின் ஒரே இடத்தில் ஒரு பேஸ் கூடியிருக்கிறது. மியூக்ஏ-வில் அந்த ஜி-யும் இல்லை. இன்டெல் கோப்பை நான் திறந்தே பார்க்காமல் இரண்டு வாரம் குழம்பியிருக்கிறேன்.

9-ஆவதில் மற்ற ஐசோலேட்டுகளைப் போல 100 சதவீதத்தை ஒட்டிப் புள்ளிகள் குவியவில்லை; 50-க்கும் 70-க்கும் நடுவில், 60-ஐச் சுற்றி மொய்க்கின்றன. என் வரம்பும் 60-தான் என்பதால், ஏறத்தாழ பாதி இடங்கள் தற்செயலாகத் தேறி, பாதி விழுந்துவிட்டன என்று இப்போது புரிகிறது. தட்டில் எல்லாம் ஒழுகிச் சேர்ந்திருந்ததால் தனிக் காலனி கிடைக்காமல் லூப்பால் வழித்து எடுத்தேன். இரண்டு வகை கலந்திருக்கிறது.

வைகை பதில்:

உறைந்த குழாயிலிருந்து மறுபடி கீறி, ஒன்றையொன்று தொடாத காலனிகளாக நான்கைந்து எடுங்கள். அதிகம் மறுவளர்ப்புச் செய்ய வேண்டாம். ஹைப்பர்மியூட்டேட்டர் உங்கள் தட்டிலும் மாறிக்கொண்டேதான் இருக்கும். கலப்பை உங்கள் தவறு என்று மட்டும் எண்ணாதீர்கள். சளியில் இரண்டு வகையும் உண்மையிலேயே சேர்ந்து வாழ்ந்திருந்தால் அது அந்த நோயாளியைப் பற்றிய செய்தி, அதைத் தொலைத்துவிடக் கூடாது. ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாட்டிக் 300 மைக்ரோகிராம் சேர்த்த தட்டில் பி.ஏ.ஓ.1-ஐயும் பக்கத்தில் வைத்து எதிர்ப்புக் காலனிகளை எண்ணினால், மரபணுத்தொகை சொன்னதைக் கண்ணாலும் பார்த்துவிடலாம்.

மரபன் பதில்:

டிகாக்ஷன் நிறம் என்றீர்களே, அதை யாரும் தொடவில்லை. அது பையோமெலனின் என்ற பழுப்பு நிறமி, ஹெச்எம்ஜிஏ மரபணு போனால் ஹோமோஜென்டிசேட் தேங்கிப் பழுப்பாகும். அந்த மரபணு தனியாகப் போவதைவிட நீண்ட துண்டோடு சேர்ந்து உதிர்வதுண்டு, அப்படி உதிர்ந்தது எஸ்.என்.பி. பட்டியலிலும் வராது, இன்டெல் பட்டியலிலும் பெரும்பாலும் வராது. கவரேஜ் கோட்டைப் பாருங்கள். ஜி.சி. (ஜி, சி பேஸ்களின் பங்கு) 66 சதவீதமுள்ள மரபணுத்தொகை என்பதால் ஆங்காங்கே கவரேஜ் தாழ்வது இயல்பு. நான் சொல்வது ஆயிரக்கணக்கான பேஸ்களுக்குத் தொடர்ந்து பூஜ்யமாக இருப்பதை. பக்கத்தில் உள்ள, மருந்தை வெளியேற்றும் மெக்ஸ்எக்ஸ்ஒய் பம்பின் மரபணுக்களும் போயிருக்கின்றனவா என்று பாருங்கள், டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் முடிவுக்கு அது முக்கியம்.

இன்னொன்று, இதுதான் மருத்துவரின் கேள்விக்கு நேரடி விடை. 6-ஆவது ஐசோலேட் தன் ஆண்டுகளில் சேர்த்துக்கொண்ட எஸ்.என்.பி.கள் 7-லும் 8-லும் இருக்கின்றனவா? இருந்தால் அவை இவரது உடலிலேயே வளர்ந்த கிளை. கிளினிக்கின் மற்ற நோயாளிகளின் ஐசோலேட்டுகளையும் மரத்தில் சேர்த்து, இடையில் யாரும் வந்து அமரவில்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

குறிஞ்சி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

6-ஆவதில் இருந்த 11 எஸ்.என்.பி.களும் 7-லும் 8-லும் ஒன்று விடாமல் இருக்கின்றன. ஹெச்எம்ஜிஏ, மெக்ஸ்எக்ஸ்ஒய் இரண்டும் ஒரே நீண்ட துண்டில் போயிருக்கின்றன. 7-க்கும் 8-க்கும் வெட்டு விழுந்த இரு முனைகளும் ஒரே பேஸில் உள்ளன. கடைசி ஆண்டுகளில் டோப்ராமைசினுக்கு இது மறுபடி கட்டுப்படத் தொடங்கியதாக ஆய்வக அறிக்கையில் இருந்தது. பதிவுப் பிழை என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம். கிளினிக்கின் மற்ற ஐசோலேட்டுகள் எதுவும் இந்தக் கிளையின் அருகில்கூட வரவில்லை.

ரிஃபாம்பிசின் தட்டுகளில் பி.ஏ.ஓ.1-க்கு 9, 11, 14 காலனிகள். 7-ஆவதுக்குத் தட்டு முழுவதும் எண்ண முடியாதபடி நிறைந்துவிட்டது. 9-ஆவது குழாயிலிருந்து எடுத்த ஐந்து காலனிகளில் மூன்று பழுப்பு ஹைப்பர்மியூட்டேட்டர், இரண்டு 6-ஆவதை ஒத்த பழைய வகை.

மருத்துவருக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "புதிய தொற்று இல்லை. பழைய வகையே மியூட்எஸ் பழுதாகி வேகமாக மாறிவருகிறது. பழுதாகாத கிளையும் உடன் இருக்கிறது. எனவே பரவலைத் தீர்மானிக்க வழக்கமாக வைக்கும் எஸ்.என்.பி. எண்ணிக்கை வரம்பை இந்த நோயாளிக்குப் பயன்படுத்த வேண்டாம். மருந்து எதிர்ப்பு விரைவில் தோன்றக்கூடும் என்பதால், உணர்திறன் சோதனைக்கு ஒரே காலனியை அல்லாமல் பலவற்றை எடுக்கவும்." அவரது அறையும் நாளும் மாறவில்லை.