வாசலில் கேட்ட செய்திக் குரல்

மாடிவீட்டுக்காரன்:
1996 சட்டமன்றத் தேர்தல். மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்களே, அதே தேர்தல்தான். எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்றவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வானொலிச் செய்தி வாசிப்பாளர். பெயர் வேண்டாம். கொடி இல்லை, கூட வந்தது இரண்டே பேர். வாசலில் நின்று "வணக்கம்" என்றார். உள்ளே கிரைண்டரிலிருந்து மாவு அள்ளிக்கொண்டிருந்த அம்மா, யாரென்று எட்டிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை! பிறகுதான் மாவுக் கையோடு வெளியே வந்தார். மோர் கொடுத்து உட்காரவைத்தார். நோட்டீசை வாசிக்கச் சொன்னார். அவரும் நிறுத்தற்குறி பிசகாமல் வாசித்தார். "உங்களுக்கு இல்லாமலா?" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் நான்கு ஓட்டு. ஒன்றுகூட அவருக்கு விழவில்லை.

ஏழேகால்:
எங்களுக்கு டெல்லிச் செய்திதான். "செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று கேட்டால் தலை பின்னி முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பள்ளிக்குத் தாமதம். 2022 ஆகஸ்டில் அவர் மறைந்த செய்தியைக் கைபேசியில் படித்தேன். வரிக்கு வரி அவர் குரலிலேயே மனத்துக்குள் ஓடியது. பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

கறார் கந்தன்:
மாடிவீட்டுக்காரரே, மோர் கொடுத்து ஏமாற்றியதற்குப் பதில் முகத்துக்கு நேராக முடியாது என்றிருக்கலாம். அவரை நானும் பார்த்தேன் என்றே நினைக்கிறேன். கையெழுத்துக் கேட்டேன், இருவரிடமும் பேனா இல்லை. அது கிடக்கட்டும். வாசிப்பாளர் யாராவது நிற்க நினைத்தால் கவனியுங்கள். அரசு ஊழியராக இருந்துகொண்டு நிற்க முடியாது, முதலில் வேலையை விடவேண்டும். அன்று வைப்புத்தொகை வெறும் 250 ரூபாய், அதனால்தான் மொடக்குறிச்சியில் அத்தனை பேர் நிற்க முடிந்தது. அப்புறம் 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000. செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அதுவும் போச்சு. சுவரொட்டிக்குச் செலவழிக்காதீர்கள், உங்கள் முகம் யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று போதும்.

மாடிவீட்டுக்காரன்:
கந்தன் ஐயா, நான் யோசனை கேட்கவில்லை. அம்மா ஏமாற்றினார் என்பதையும் ஒப்பமாட்டேன். முடிவு வந்த அன்று மாநிலச் செய்தியில் எங்கள் தொகுதிக்கு வென்றவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த தொகுதிக்குப் போய்விட்டார்கள். செய்தி முடிந்து நாகசுரம் தொடங்கியபிறகும் அம்மா ரேடியோவை அணைக்கவில்லை.