பழைய தமிழ்க் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது

ஈசூன்வாசி:
பாட்டுக் கேசட்டை விட்டுவிட்டு ஒலிச்சித்திரக் கேசட்டை முதலில் எடுங்கள். பாடல்களைச் செயலியில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு படத்தின் வசனத்தைச் சுருக்கி இரண்டு பக்கத்தில் அடைத்த அந்தத் தொகுப்புகளில் பல, தேடினாலும் அகப்படாது. வானொலியிலிருந்து பிடித்து வைத்தவையும் இதே கணக்கு. முன்னிசைமேல் சிங்கப்பூர்த் தமிழ் வானொலியான 'ஒலி 96.8'இன் அறிவிப்பாளர் பேசுவதை இடைஞ்சல் என்று வெட்டி எறிபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பாட்டு நூறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பேச்சு அந்த டேப்பில் மட்டும்தான்.

ஒலி கெடுவது பெரும்பாலும் கணினியில் அல்ல, கேசட் ஓடும் கருவியில். கையடக்கமாக யூஎஸ்பி வயரோடு விற்கும் மலிவு பிளேயர்களில் வேகம் நிலைத்து நிற்காது. நாதஸ்வரத்தில் நீண்ட கார்வை வரும்போது ஸ்வரம் தள்ளாடுவது உடனே காட்டிக்கொடுத்துவிடும். எண்பது தொண்ணூறுகளில் வந்த வீட்டு டெக் (பெரிய கேசட் பிளேயர்) ஒன்றைப் பழையதாக வாங்கி, பெல்ட் மாற்றி ஓட்டுவதே மேல். பல வருடம் சும்மா கிடந்த ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும். சில மாடல்களில் தாராக உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடியபின் டெக் தேட இணையம்தான். வயர், இணைப்பான் வகையறாவுக்கு மின்னணுக் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் ஏறி இறங்கலாம்.

ஓட்டுமுன் டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் அதன் பக்கத்தில் சுழலும் மெல்லிய உலோகத் தண்டையும் 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். குச்சியில் பழுப்பு நிறம் ஏறுவது நிற்கும் வரைக்கும் விடக்கூடாது. ரப்பர் உருளையில் மட்டும் ஆல்கஹால் வேண்டாம், ரப்பர் வறண்டு வெடிக்கும். லேசான சோப்புத் தண்ணீர் போதும்.

பாசிர் ரிஸ் கடல்:
அதற்கும் முன்னால் பூஞ்சை, அண்ணே. கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் சுருளின் விளிம்பை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ இழையோ தெரிந்தால் டெக் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் ஏறும். நம் ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நல்ல வெயில் அடிக்கும் பிற்பகலில்தான் 60ஐ ஒட்டி இறங்கும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு பாம் ஷெல்டர் என்னும் புகலறைக்குள் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்தால் காற்றோட்டமும் கிடையாது. பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் வீட்டில் வேறில்லை.

கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டில் ஐந்து சின்னத் திருகுகள் இருந்தால் வேலை எளிது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, மின்விசிறியை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். சுருள்களை வெளியே எடுத்து, இழை உதிராத மென்துணியை மடித்துப் பிடித்து, அதன் நடுவே டேப்பை மெதுவாக ஒரு சுருளிலிருந்து மற்றதற்குச் சுற்றுங்கள். துணியின் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். பிறகு வேறொரு நல்ல ஓட்டில் பொருத்துங்கள், பழைய ஓடு குப்பைக்கு. கடையில் வாங்கிய கேசட்டுகள் பலவற்றில் திருகே இருக்காது, ஓடு ஒட்டப்பட்டிருக்கும். பொருத்துக்கோட்டில் பிளேடு வைத்துத்தான் பிளக்க வேண்டும்.

ஓடு மாற்றுவதில் இன்னொரு லாபம் உண்டு. ஹெட்டுக்கு எதிரே டேப்பை அழுத்தும் சின்னப் பஞ்சுத்துண்டு பழைய கேசட்டுகளில் பசை விட்டு விழுந்திருக்கும். ஜால்ராவும் 'ஸ' ஒலியும் மங்கி, ஒலி விட்டுவிட்டு வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். அறுந்த டேப்பை வீட்டு செலோடேப்பால் ஒட்டாதீர்கள், பசை கசிந்து அடுத்த சுற்றையும் பிடித்துக்கொள்ளும். இதற்கென்றே குறுகிய ஒட்டுநாடா விற்கிறார்கள்.

சுத்தம் செய்தவற்றை கேமரா வைக்கும் உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வையுங்கள். ஈரம் உறிஞ்சித் தண்ணீர் சேரும் பிளாஸ்டிக் டப்பாவைக் கேசட்டோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். கவிழ்ந்தால் உப்புநீர்.

ஜூரோங் டெக்காரர்:
அக்கா சொன்ன மங்கல் ஒலிக்கு இன்னொரு காரணம் ஹெட்டின் சாய்வு, அதாவது அசிமத். ஹெட்டின் இடைவெளி டேப்புக்குச் செங்குத்தாக இல்லையென்றால் உச்ச ஒலிகள் செத்துவிடும். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகுதான் அதற்கு. இடது, வலது இரண்டையும் மோனோவாக, அதாவது ஒரே தடமாகச் சேர்த்துக் கேட்டபடியே கால் சுற்றுக்கும் குறைவாக அப்படியும் இப்படியும் திருப்புங்கள். ஒலி பளிச்சென்று திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இது மாறும். ஒரு தடவை சரிசெய்துவிட்டுப் பெட்டி முழுவதையும் ஓட்டுகிறவர்களின் கோப்புகளில் பாதி போர்வைக்குள்ளிருந்து பாடும்.

அடுத்தது வேகம். நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். 6 விழுக்காடு கூடினால் பாட்டு கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிவிடும். 3150 ஹெர்ட்ஸ் சோதனைக் கேசட் போட்டு, கைப்பேசியின் ஸ்ருதிச் செயலியில் பார்த்து, மோட்டாரின் பின்புறத் துளைக்குள் இருக்கும் திருகைக் கடுகளவு திருப்புங்கள். வேகம் தப்பிய கருவியில் பதிந்த டேப் என்றால் மட்டும் கணினியில் சரிசெய்யலாம். வேகத்தையும் ஸ்ருதியையும் சேர்த்து மாற்றும் கட்டளைதான் வேண்டும். ஸ்ருதியை மட்டும் மாற்றினால் குரல் பிளாஸ்டிக் ஆகும்.

உறையில் டால்பி (இரைச்சலைக் குறைக்கும் முறை) குறி இல்லையென்றால் டெக்கில் டால்பியை அணைத்துவிடுங்கள்.

தேக்கா ரசிகை:
பதிவு பற்றி. மடிக்கணினியின் மைக் துளையில் செருகாதீர்கள். பலவற்றில் அது ஒற்றைத் தடம்தான், போதாக்குறைக்கு ஒலியும் சிதறும். லைன் உள்ளீடு உள்ள யூஎஸ்பி ஒலிக்கருவி வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லில் நிற்கட்டும். 60 நிமிடக் கேசட் ஒன்று சுமார் 1 ஜிபி பிடிக்கும். ஃபிளாக் (FLAC) கோப்பு வடிவில் சுருக்கினால் ஒலி கெடாமல் இடம் குறையும். அடியில் 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

பழைய மோனோப் பாட்டென்றால் இரண்டு தடத்தில் சுத்தமானதை மட்டும் எடுத்துக்கொள்வது என் கட்சி. ஆனால் 1978இல் வந்த 'ப்ரியா' மாதிரி ஸ்டீரியோவில் பதிவானவற்றை மோனோ ஆக்குவது பாவம். சிங்கப்பூரில் படப்பிடிப்பு நடந்த படம் என்பதால் இங்கே பல வீடுகளில் அந்தக் கேசட் கிடக்கும்.

ஈசூன்வாசி:
இரைச்சல் நீக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

தேக்கா ரசிகை:
வேண்டாம் என்றுதான் விட்டேன், அண்ணே. தவிர்க்கவே முடியாவிட்டால் பாட்டு தொடங்குமுன் வரும் வெற்று இரைச்சலை மாதிரியாகக் கொடுத்து, 6 டெசிபெல்லோடு நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் முதலில் போவது தம்புரா. அடுத்து வீணை மீட்டலின் வால் தண்ணீருக்குள் கேட்பது போல் குழறும். வசனக் கேசட்டில் கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் காது பொறுத்துக்கொள்ளும்.

ஜூரோங் டெக்காரர்:
நான் 3 டெசிபெல்லுக்கு மேல் போகமாட்டேன். அந்த 'ஸ்ஸ்' இல்லாமல் கேசட் என்ன கேசட்?

பாசிர் ரிஸ் கடல்:
நீங்கள் இருவரும் இதில் ஒத்துப்போகப் போவதில்லை லா. ஒரு பக்கம் முழுவதையும் கை வைக்காத ஒரே கோப்பாக முதலில் சேமித்துவிடுங்கள். வெட்டுவதும் துடைப்பதும் நகலில் நடக்கட்டும். கோப்பின் பெயரில் உறையில் உள்ள எண்ணையும் பக்கத்தையும் எழுதுங்கள். கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் பதிவுத் தடுப்புக் காதுகளை டெக்கில் போடுமுன்பே உடைத்துவிடுங்கள், யாராவது தெரியாமல் பதிவுப் பொத்தானை அமுக்கினாலும் அழியாது.