கறுத்த தோலுக்கும் தோல் புற்றுநோய் வருமா? கயாக் ஓட்டுகிறவர்கள் எதைப் பார்க்கணும்?

துடுப்பு_சீர்காழி:

வணக்கம். சீர்காழி, சிதம்பரம் பக்கத்து நண்பர்கள் சேர்ந்து பிச்சாவரத்திலும், பழையாறு பக்கம் கொள்ளிடம் கடலில் சேர்கிற இடத்திலும் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ஓட்டுகிறோம். இறங்கினால் நாலு மணி நேரம் முழு வெயில்தான். மூணு சந்தேகம்.

எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் போட்டும் முகமும் புறங்கையும் கருத்துப்போகுது, ஏன்? நம்ம நிறத்துக்குத் தோல் புற்றுநோய் வராதுன்னு குழுவில் பாதிப் பேர் சொல்றாங்க, சரியா? வெளிநாட்டுக்காரங்க எழுதுறதில் எல்லாம் முதுகு மச்சத்தைப் பார்னு இருக்கு. நம்ம ஆளுங்க எதைப் பார்க்கணும், எப்படிப் பார்க்கணும்?

குழுவில் ஒரு தம்பிக்கு அல்பினிசம், பிறவியிலேயே நிறமி இல்லை. அவருக்குத் தனியா என்ன செய்யணும்னும் சொல்லுங்க.

கழிமுகம்_பிச்சாவரம்:

முதல் கேள்விக்குப் பதில்: அளவு பத்தலை. எஸ்பிஎஃப் என்பது வெயில் பாதுகாப்பு எண், அந்த 50 என்கிற எண்ணை, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் சோதித்து எடுக்கிறார்கள். நம்மாட்கள் பூசுவது அதில் பாதிகூட வராது. பெரியவர் ஒருவருக்கு உடம்பு முழுக்கப் பூச 30 முதல் 35 மில்லி வேண்டும். அப்படியென்றால் 50 மில்லி டியூப் இரண்டு பூச்சுக்குக்கூட வராது. முகம், கழுத்து, காதுக்கு மட்டும் ஒரு டீஸ்பூன். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சுமாராகச் சரியாக இருக்கும்.

அதனால் கிரீமை நம்பி இறங்காதீர்கள், துணியை நம்புங்கள். யூபிஎஃப் 50+ (துணிக்கான வெயில் பாதுகாப்பு எண்) என்று போட்ட முழுக்கை லைக்ரா சட்டை வெயிலின் புற ஊதாக் கதிரில் 2 சதவீதத்துக்கு மேல் உள்ளே விடாது. பழைய வெள்ளைப் பருத்தி பனியன் அதில் கால்வாசிப் பாதுகாப்புகூடத் தராது, நனைந்து உடம்போடு ஒட்டினால் இன்னும் மோசம். தலையில் ஈரத்துண்டு கட்டுவதும் அப்படித்தான், குளிர்ச்சி தரும், கதிரைத் தடுக்காது. துடுப்பு வீசும்போது கை ஏறி மணிக்கட்டு வெளியே வரும், கட்டைவிரல் நுழைக்கிற ஓட்டை வைத்த சட்டையாக வாங்குங்கள். தொப்பிக்குச் சுற்றிலும் மூணு அங்குல விளிம்பும் தாடைக் கயிறும் வேண்டும். கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும்.

இப்படி மூடிவிட்டால் கிரீமுக்கு மிஞ்சுவது முகம், காது, கழுத்து, புறங்கை, பாதத்தின் மேல்பக்கம். பாதத்தை எல்லாரும் மறப்பார்கள். கயாக்கில் காலை நீட்டி உட்கார்ந்தால் புறங்கால் மணிக்கணக்கில் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். தாடைக்கு அடியிலும் பூசுங்கள், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழேயிருந்து வரும். கரையை விட்டுக் கிளம்ப 20 நிமிடம் முன்னால் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். டியூபில் 80 நிமிடம் நீர் தாங்கும் என்று போட்டிருந்தால், நீந்துகிற நாளில் அந்த 80 நிமிடம்தான் கணக்கு. துண்டால் துடைத்தாலே பூச்சு போய்விடும்.

இரண்டு நடைமுறைச் சிக்கல் உண்டு. உள்ளங்கையில் கிரீம் இருந்தால் துடுப்பு வழுக்கும். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பூசிவிட்டு உள்ளங்கையை உலர்ந்த துணியில் துடையுங்கள். நெற்றியில் பூசியது வியர்வையோடு கண்ணில் இறங்கி எரியும், புருவத்துக்கு மேலே மட்டும் குச்சி வடிவ துத்தநாக ஆக்சைடு போட்டால் இறங்காது.

கருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எஸ்பிஎஃப் என்பது முக்கியமாகப் புற ஊதாவில் யூவி-பி என்ற வகைக் கதிருக்கான அளவு. நம் நிறத்தைக் கருக்க வைப்பதில் யூவி-ஏ என்ற இன்னொரு வகைக் கதிருக்கும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பெரிய பங்கு. யூவி-ஏ தடுப்பைக் காட்டும் பிஏ++++ குறி போட்டதாகவும், இரும்பு ஆக்சைடு சேர்த்த தோல் நிறக் கிரீமாகவும் பாருங்கள். வெள்ளையாகப் பூத்துத் தெரியாது என்பது கூடுதல் வசதி.

நேரம்: நம் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது 12.10-ஐ ஒட்டி. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் 20-ஐத் தாண்டியும் டெல்டாவுக்கு நேர் மேலே நிற்கும், நிழல் காலடியில் விழும். சித்திரை வெயிலுக்கு எல்லாரும் பயப்படுகிறோம், ஆறு நிறைய தண்ணீர் ஓடுகிற ஆகஸ்டில் கடல் காற்று குளுகுளுவென்று அடிப்பதால் அதே கதிரை மறந்துவிடுகிறோம். சூடு வேறு, புற ஊதா வேறு. மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரமெல்லாம் கதிர் கடுமைதான்.

தோல்பிரிவு_தஞ்சை:

இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நம் நிறத்தில் தோல் புற்றுநோய் குறைவு, ஆனால் வராது என்பது தவறு. வருகிற இடம்தான் வேறு. வெள்ளைத் தோலுக்காக எழுதிய பட்டியலை வைத்து முதுகைத் தேடினால் நமக்கு வரக்கூடியது கண்ணில் படாது.

மெலனோமா என்கிற ஆபத்தான வகை, கறுத்த தோலில் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் வருகிறது. இந்த வகைக்கு வெயில் காரணமில்லை, சன்ஸ்கிரீன் இதைத் தடுக்கவும் செய்யாது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் பெருவிரலில் கண்டறிந்தது இதுதான். 1981-இல் 36 வயதில் இறந்தார். செதிள் செல் புற்றுநோய் என்ற வகை, பழைய தீக்காயத் தழும்பிலும் வருஷக்கணக்கில் ஆறாத புண்ணிலும் கிளம்பும். கீழுதட்டிலும் வரும், அங்கே வெயிலோடு புகையிலைக்கும் பங்கு உண்டு. மூக்கோரம், கீழ் இமை ஓரத்தில் வலிக்காமல் மெல்ல வளரும் பளபளப்பான கறுப்புப் பரு அடித்தள செல் புற்றுநோயாக இருக்கலாம். மரு, மச்சம் என்று நினைத்துக் கிள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

மாதம் ஒருமுறை, குளித்தபின் நல்ல வெளிச்சத்தில் பத்து நிமிடம் போதும். உட்கார்ந்து பாதத்தைத் திருப்பி, குதிகால், விரலிடுக்கு வரை பாருங்கள். நகச்சாயம், மருதாணி இருந்தால் நகம் தெரியாது, அது போன பிறகு பாருங்கள். உள்ளங்கை, உதடு, காதின் பின்பக்கம், பழைய தழும்புகள். கடைசியாக முதுகு, அதற்கு வீட்டில் இன்னொருவர் வேண்டும். சந்தேகமானதன் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள், அடுத்த மாதம் அதே வெளிச்சத்தில் இன்னொன்று. ஒழுங்கில்லாத ஓரம், இரண்டு மூன்று நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம் எல்லாம் அறிகுறிதான். எல்லாவற்றையும்விட முக்கியம், மாறுகிறதா என்பது.

அல்பினிசம் உள்ள தம்பிக்கு இதெல்லாம் போதாது. அவருக்கு ஆபத்து பல மடங்கு, இளம் வயதிலேயே வரும், வெயில் படும் இடத்திலேயே வரும். நிழல் நீளமாக விழும் காலை, மாலை நேரத்தில் மட்டும் இறங்கட்டும். முழுக்கை, முழுக்கால், கையுறை, கழுத்து மூடும் தொப்பி, புற ஊதாவைத் தடுக்கும் யூவி400 கண்ணாடி கட்டாயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தோல் மருத்துவர் உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். சொரசொரப்பான திட்டு, ஆறாத சிறு புண் எதுவானாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

துடுப்பு_சீர்காழி:

ரொம்ப நன்றிங்க. எங்க ஆளுங்களுக்குக் கயாக்கை இழுத்துக் கரையேத்தும்போது நகத்தில் அடிபட்டுக் கறுத்துப்போறது சாதாரணம். கால் ஆணியும் நிறையப் பேருக்கு இருக்கு. இதையும் அதையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

தோல்பிரிவு_தஞ்சை:

நல்ல கேள்வி, தாமதம் ஆவதே இங்கேதான். அடிபட்ட ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். கைநகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால்நகம் அதில் பாதி. இரண்டு மாதத்தில் கறுப்புக்கும் நகத்தின் அடிக்கும் நடுவில் சுத்தமான நகம் தெரிந்தால் பயமில்லை. அடியிலிருந்து நுனி வரை கோடாக நின்று, அந்தக் கோடு அகலமானால், அல்லது கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றுத் தோலிலும் படர்ந்தால் உடனே காட்டுங்கள். பல விரலில் மெல்லிய பழுப்புக் கோடு நம் நிறத்தில் இயல்பு. ஒரே விரலில் புதிதாக வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கால் ஆணி அழுத்தம் படும் இடத்தில், கெட்டியான நடுக்கருவோடு இருக்கும். அதில் கறுப்பு, ரத்தக் கசிவு, அல்லது ஒன்றரை மாதமாக ஆறாத புண் இருந்தால் அது கால் ஆணி இல்லை என்று வைத்துக்கொண்டு காட்டுங்கள். பிளேடால் செதுக்காதீர்கள், ஆசிட் பிளாஸ்திரி ஒட்டாதீர்கள். கலைத்துவிட்டால் பயாப்சி (சதைத் துண்டுச் சோதனை) எடுப்பவருக்கும் தெளிவாகத் தெரியாது.

மருந்தாளர்_குடந்தை:

மாத்திரைப் பக்கம் யாரும் பேசவில்லை, சேர்க்கிறேன். வெள்ளத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க டாக்ஸிசைக்ளின் கொடுப்பதுண்டு. அது சாப்பிடும் நாட்களில் கொஞ்ச வெயிலே தோலைப் பொசுக்கும். ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரையும் அப்படித்தான். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் வெயிலில் இருப்பேன் என்று சொல்லுங்கள். எலுமிச்சைச் சாறு கையில் பட்டுக் கழுவாமல் வெயிலில் போனாலும் கொப்புளம் வந்து கருக்கும்.

கருத்த முகத்தை வெளுக்கக் கடையில் கேட்டு வாங்குகிற கிரீம்கள் பலவற்றில் மொமெட்டசோன் மாதிரி ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும், பிறகு தோல் மெலிந்து வெயிலே தாங்காமல் சிவக்கும். இதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

பிச்சாவரத்தில் இன்னொன்று: தில்லை மரத்துப் பால். கிளை ஒடிந்து பால் பட்டால் தோல் எரிந்து கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் இன்னும் ஆபத்து. வெயில் கொப்புளம் என்று நினைத்து எண்ணெய் தடவுவார்கள். உடனே நல்ல தண்ணீரால் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், கண் என்றால் கழுவியதும் நேராக ஆஸ்பத்திரிக்கு.

கழிமுகம்_பிச்சாவரம்:

கண்ணாடி பற்றி ஒன்று: போலராய்டு என்று எழுதியிருந்தால் கூச்சம்தான் குறையும், புற ஊதாவைத் தடுக்க யூவி400 என்று தனியாக இருக்க வேண்டும். வெயிலிலும் காற்றிலும் கிடக்கிறவர்களுக்குக் கருவிழி மேல் சதை வளர்வதில் இந்தப் புற ஊதாவுக்குப் பெரிய பங்கு.

தோல்பிரிவு_தஞ்சை:

எங்கே காட்டுவது என்று தனியாகக் கேட்டிருந்தவர்களுக்கு: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு புற நோயாளிச் சீட்டு போட்டால் போதும். முன்பு எடுத்த படங்களை போனில் வைத்துக்கொண்டு போங்கள், தேதியோடு.