சுருட்டுக் கறையா, பிளாஸ்டிக் மஞ்சளா?

குழு: தாம்வே வீட்டார், ரங்கூன்

ஞாயிறு

செல்வி அத்தை, காலை 7:12
பரணை ஒழித்தேன். மணி அண்ணனுடைய கேசியோ பழைய கைலிக்குள் சுற்றிக் கிடந்தது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்த சாமான், இப்போது வெற்றிலை போட்ட பல் மாதிரி இருக்கிறது. யாழினி சித்திரை முதல் நாள் கோயிலில் வாசிக்க ஒரு கீபோர்டு கேட்டுக்கொண்டே இருந்தாள், இதைக் காட்டினால் மூஞ்சியைச் சுளிக்கிறாள். தூக்கிப் போட்டுவிடவா?

மணி பெரியப்பா, 7:14
தூக்கிப் போடுவதா!

மணி பெரியப்பா, 7:19
செல்வி, அதை நான் கப்பலில் இருந்தபோது 1982இல் சிங்கப்பூரில் வாங்கினேன். அந்தக் காலத்தில் ரங்கூன் கடைகளில் இப்படி ஒன்று கண்ணில் படாது, கப்பல்காரன் கொண்டுவந்தால்தான் உண்டு. முதலில் அதைப் பரணில் ஏற்றியது யார்?

செல்வி அத்தை, 7:20
நீங்கள்தான் அண்ணே.

கதிர், 7:33
அத்தை, அதைத் தொடாதீர்கள், நான் மத்தியானம் வந்து எடுத்துக்கொள்கிறேன். அது எம்டி-40. கேசியோ 1981இல் விட்டது. சின்னக் கட்டை 37, இடது பக்கத்தில் பேஸ் என்னும் கீழ்ச்சுரங்களுக்கென்று தனியாக 15. இதில் இருக்கும் ராக் தாளத்தை வைத்து 1985இல் ஜமைக்காவில் ஒரு பாட்டுப் போட்டார்கள், அதற்குப் பிறகு அங்கே ரெகே இசையின் போக்கே மாறிப்போனது. அந்தத் தாளத்தை அமைத்தது யார் தெரியுமா, இசைக் கல்லூரி முடித்துவிட்டு நேராகக் கேசியோவில் வேலைக்குச் சேர்ந்த ஹிரோகோ ஒகுதா என்ற பெண்.

மணி பெரியப்பா, 7:36
அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அதில் வாசித்தது பஜனை மட்டும்தான்.

வசந்தி அக்கா வியாசர்பாடி, 7:50
இதற்கா இவ்வளவு பேச்சு. பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒரு ராத்திரி ஊற வையுங்கள், பளிச்சென்று ஆகிவிடும். நான் இங்கே கழிவறையையே அப்படித்தான் வெளுக்கிறேன்.

கதிர், 7:52
அக்கா, தயவுசெய்து வேண்டாம். குளோரின் பிளீச் இந்தப் பிளாஸ்டிக்கை இன்னும் மஞ்சளாக்கும், மேல்தோலையும் அரித்துவிடும். நான் போடப்போவது வேறு மருந்து. அதோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தாலும் ஆபத்து.

வசந்தி அக்கா வியாசர்பாடி, 7:53
சரிடா தம்பி, கீபோர்டு டாக்டர்.

ஞாயிறு இரவு

கதிர், 9:05
பிரித்துக் கழுவிவிட்டேன். முதலில் இதைச் சொல்லவேண்டும், மஞ்சளைப் பார்த்ததும் மருந்துக்கு ஓடக்கூடாது. மஞ்சளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று மேலே படிந்த அழுக்கு, இன்னொன்று பிளாஸ்டிக்கே நிறம் மாறியது. இந்தக் கேசியோ எத்தனை வருடம் தாத்தாவின் சாய்வு நாற்காலி பக்கத்தில் இருந்தது? தாத்தா கையில் சுருட்டு அணைந்து நான் பார்த்ததே இல்லை. பின்பக்க ஸ்குரூவை எல்லாம் கழற்றி, உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையையும் வயரையும் தனியே எடுத்து வைத்து, மேல்மூடியை மட்டும் பாத்திரம் விளக்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். வாளியில் விழுந்த தண்ணீர் அப்படியே நம்ம லஃபெயே டீ நிறம். பால் ஊற்றாததுதான் பாக்கி.

மணி பெரியப்பா, 9:11
அப்பா ஒரு நாளைக்கு எட்டுப் பிடிப்பார். ஒன்பது என்று அம்மா சண்டை போடுவாள்.

செல்வி அத்தை, 9:12
அப்படியானால் மஞ்சள் போய்விட்டதா?

கதிர், 9:24
பாதிதான் போனது. ஒட்டும் பிசுக்கும் போனது, மஞ்சள் நிற்கிறது. மூடியின் உட்புறம் இன்னும் வெள்ளை, வெளிப்புறம்தான் மஞ்சள். வேடிக்கை என்னவென்றால், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள்கூட ஒரே மஞ்சள் இல்லை, ஒன்று வெண்ணெய், அடுத்தது நெய். வார்க்கும்போது ஒவ்வொரு கலவையும் கொஞ்சம் மாறியிருக்கும், அதனால்தான். இது ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக். வெயிலும் சூடும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்தால், அதில் கலந்திருக்கும் ரப்பர் மாதிரியான பகுதி மெல்ல மெல்ல மஞ்சளாகும். தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் சேர்த்த மருந்தையும் அந்தக் காலத்தில் கலப்பார்கள், அதன் மேலும் பழி சொல்கிறார்கள். ஆக இது கறை இல்லை, தோலின் நிறமே மாறியிருக்கிறது. சோப்பு என்ன செய்யும்?

கதிர், 9:26
இன்னொன்று. கட்டைகள் மேல் ச ரி க ம என்று எழுதி ஒட்டிய சின்னத் தாள்கள் இருந்தன. ஊற வைத்து உரித்தேன். தாள் இருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாகப் புத்தம் புதிதாக இருக்கிறது. வாங்கிய அன்று என்ன நிறம் என்று அந்தச் சதுரம்தான் சாட்சி.

மணி பெரியப்பா, 9:40
அந்தத் தாளை என்ன செய்தாய்?

கதிர், 9:41
ஸ்குரூ போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன் பெரியப்பா. 'ப' மட்டும் கிழிந்துவிட்டது.

மணி பெரியப்பா, 9:43
உன் பெரியம்மா எழுதியது. வைத்திரு.

வெள்ளி

கதிர், மாலை 5:48
மருந்து கிடைத்துவிட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் காயம் கழுவ விற்பது 3 சதவீதம், அதில் வேலை நடக்கும், ஆனால் ரொம்ப இழுக்கும். காளி கோயில் பக்கம் சூரத்தி பஜாருக்குள் நுழைந்து, முடி திருத்தும் கடைகளுக்குச் சாமான் விற்கும் கடையில் கேட்டேன். தலைக்குச் செம்பட்டை அடிக்க டை கலக்கும் டெவலப்பர், 12 சதவீதம். பாட்டிலில் 40 வால்யூம் என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். ஒன்று பால் மாதிரி கிரீம், ஒன்று தண்ணீர். இரண்டும் வாங்கினேன். கடைக்காரர் என் தலையை மேலும் கீழும் பார்த்தார். எனக்குத்தான் பாதி முடியே இல்லையே.

வசந்தி அக்கா வியாசர்பாடி, 5:55
இதை யாருடா கண்டுபிடித்தது?

கதிர், 6:02
பழைய கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கும் ஆட்கள், 2008 வாக்கில். ரெட்ரோபிரைட் என்று பெயர் வைத்தார்கள். பெராக்சைடு, வெயில், அவ்வளவுதான்.

மணி பெரியப்பா, 6:10
கதிர், எனக்கு ஒரு சந்தேகம். வெயில்தான் மஞ்சளாக்கியது என்றாய். இப்போது வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்கிறாய். ஒரே வெயில் இரண்டு வேலையும் செய்யுமா?

கதிர், 6:21
நல்ல கேள்வி பெரியப்பா. வெயில் இங்கே அடுப்பு மாதிரி. சட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் வேகும். காற்று மட்டும் இருந்தால் மஞ்சள், பெராக்சைடு இருந்தால் அது அந்த மஞ்சளை உடைத்து வெளுக்கும். வெயிலே இல்லாமல் பெராக்சைடை 60 டிகிரிக்குச் சூடாக்கியே வெளுத்தவர்களும் உண்டு, ஆனால் சூடு கூடிப்போனால் பிளாஸ்டிக் கோணிக்கொள்ளும். மழைக்காலத்தில் புற ஊதா விளக்கு வைத்துச் செய்வார்கள். நம் வீட்டுக் கரண்ட் வரும் அழகுக்கு விளக்கை நம்பினால் அடுத்த சித்திரைதான். இப்போது வெயில் சும்மா கிடைக்கிறது, மே பாதியில் மழை பிடித்தால் அக்டோபர் வரை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

சனி

கதிர், மதியம் 12:40
கட்டைகளைக் கண்ணாடித் தட்டில் போட்டு, 12 சதவீதத்துக்குச் சம அளவு தண்ணீர் கலந்து 6 ஆக்கி, மூழ்க ஊற்றி மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். கருப்புக் கட்டைகளைப் போடவில்லை, அதற்கு இது தேவையே இல்லை. ஒவ்வொரு கட்டையிலும் பொடிப்பொடியாகக் குமிழி ஏறுகிறது, சோடா மாதிரி. குமிழி ஒரே இடத்தில் ஒட்டி நின்றால் அந்த இடம் வெளுக்காமல் புள்ளி விழும், அதனால் கால் மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போடவேண்டும். மிதக்காமல் இருக்க மேலே ஒரு கண்ணாடித் துண்டு. தட்டை இறுக்கி மூடக்கூடாது, உள்ளே வாயு சேரும்.

செல்வி அத்தை, 12:44
கையுறை போட்டிருக்கிறாயா?

கதிர், 12:45
கையுறை, கண்ணாடி, தொப்பி எல்லாம் போட்டுத் திருடன் மாதிரி இருக்கிறேன்.

மணி பெரியப்பா, 1:20
கதிர் கீழே சாப்பிடப் போயிருந்தபோது மாடிக்குப் போனேன். ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டேன். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து ஊசி குத்துகிறது.

செல்வி அத்தை, 1:21
ஐயோ அண்ணே! தனாக்கா மரப்பட்டை அரைத்துப் பூசுங்கள்.

கதிர், 1:21
எதையும் பூசவேண்டாம். ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் பிடியுங்கள், வெள்ளை தானாகப் போய்விடும். கண்ணில் மட்டும் கை வைக்காதீர்கள். உங்களை மாடிக்கு விட்டது என் தப்பு.

கதிர், மாலை 5:30
ஐந்து மணி நேரம் ஆனது. எடுத்துக் கழுவிவிட்டேன். நெய் கட்டை, வெண்ணெய் கட்டை எல்லாம் ஒன்றாகிவிட்டன. படம் பாருங்கள். சதுரத் தடம் உற்றுப் பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது, அதை விட்டுவிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் வைத்தால் போகும், ஆனால் அதற்கு மேல் பேராசை. அளவு மீறினால் மேல்பரப்பு சாக்பீஸ் மாதிரி மாவு பூத்துவிடும், பிளாஸ்டிக்கும் மொறுமொறுவென்று ஆகும், அதைத் திருப்ப வழியே இல்லை.

வசந்தி அக்கா வியாசர்பாடி, 5:41
அட, நிஜமாகவே வெளுத்துவிட்டதே. நான் பேசியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஞாயிறு

கதிர், மதியம் 2:15
இன்று மூடி. தட்டில் அடங்காது என்பதால் கிரீம் தடவி, சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வெயிலில் வைத்தேன். கேசியோ என்ற எழுத்தும் தாளங்களின் பெயர்களும் அழியக்கூடாது என்று அந்த இடங்களில் டேப் ஒட்டினேன். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. 1 மணிக்குக் கரண்ட் வந்தது.

செல்வி அத்தை, 2:16
ஆமாம், தொட்டி நிரப்பவேண்டுமே.

கதிர், 2:24
அதேதான். மோட்டார் போட ஓடினேன், பக்கத்து வீட்டுக்காரர் குழாயைப் பிடிக்கச் சொன்னார், திரும்பி வருவதற்குள் முக்கால் மணி நேரம். காற்றில் ஒரு மூலையில் தாள் தூக்கிக்கொண்டு கிரீம் காய்ந்துவிட்டது. இப்போது வலது மூலையில் மேகம் மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது. கிரீம் முறையில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், தாளுக்குள் காற்றுக் குமிழி நின்றால் பளிங்குக் கல் மாதிரி கோடு விழும். கழுவிவிட்டு முழுவதும் ஒரே கனத்தில் திரும்பத் தடவியிருக்கிறேன். இனி மாடியை விட்டு இறங்கமாட்டேன், சாப்பாட்டை மேலே அனுப்புங்கள்.

மணி பெரியப்பா, 2:30
கரண்ட் இல்லாவிட்டால் திட்டுகிறோம், வந்தால் இப்படி.

கதிர், மாலை 5:10
திட்டு முக்கால்வாசி மறைந்தது. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் தெரியும். கோயிலில் யாரும் சாய்த்துப் பார்க்கப் போவதில்லை.

செல்வி அத்தை, 5:15
இனி மஞ்சள் வராதே?

கதிர், 5:18
வரும் அத்தை. சிலருக்கு ஒரு வருடத்தில் வந்திருக்கிறது, சிலருக்குப் பல வருடம் நின்றிருக்கிறது. வெயில் படாமல், சூடு இல்லாத இடத்தில் வைத்தால் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பரண் வேண்டவே வேண்டாம், தகரக் கூரைக்கு அடியில் அது அடுப்பு.

செவ்வாய்

கதிர், இரவு 8:50
பூட்டிவிட்டேன். எல்லாம் பேசுகிறது, நடு ரி மட்டும் பேசவில்லை.

யாழினி (பாட்டி போன்), 8:52
ரி இல்லாமல் எப்படி வாசிப்பது?????

கதிர், 9:30
பேசுகிறது. கட்டைகளுக்கு அடியில் ஒரு நீளமான ரப்பர் பட்டை இருக்கும், அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கரும்புள்ளி. கட்டையை அழுத்தினால் அந்தப் புள்ளி பலகையைத் தொட்டு ஒலி வரும். நான் பூட்டும்போது பட்டை நெல்லளவு விலகியிருந்தது, புள்ளியிலும் தூசி. பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு லேசாகத் துடைத்தேன். அழுத்தித் தேய்த்தால் கருப்பே போய்விடும்.

யாழினி (பாட்டி போன்), 9:33
மணித் தாத்தா, ச ரி க ம திரும்ப ஒட்டவேண்டாம். எனக்குச் சுரம் தெரியும்.

மணி பெரியப்பா, 9:41
சரி. அந்த டப்பா என்னிடம் இருக்கட்டும்.

செல்வி அத்தை, 9:50
ஆமாம், சித்திரை முதல் நாள் தண்ணீர்த் திருவிழா அல்லவா? தெரு முழுக்கக் குழாயை வைத்துக்கொண்டு அடிப்பார்கள். இதைக் கோயிலுக்கு எப்படிக் கொண்டுபோவது?

கதிர், 9:52
மூடியில் சுற்றிய பிளாஸ்டிக் தாள் அரை உருளை மிச்சம் இருக்கிறது அத்தை. அதில் சுற்றுவோம். அதற்கு மேல் பெரியப்பாவின் மழைக்கோட்டு.

மணி பெரியப்பா, 9:53
நானே தூக்கி வருகிறேன்.

செல்வி அத்தை, 9:53
நீங்கள் வேண்டாம் அண்ணே.