லத்தீன் உதவி: 'ஃபீகோஸ்' எப்படித் தவறாகும்? (நாளை தேர்வு)

முதலாண்டு: அவசரம். அத்திப்பழங்களை வாங்கினான் என்று லத்தீனில் எழுதச் சொன்னார்கள். ஃபீகோஸ் போட்டேன். சிவப்புக் கோடு, மதிப்பெண் இல்லை. ஏன்?

தென்றல்: முழு வாக்கியத்தையும் எழுதுங்கள். கோடு எந்தச் சொல்லின் கீழ் இருக்கிறது?

ஏடன்: லத்தீன் பெயர்ச்சொற்களை ஈறு மாறும் விதப்படி ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். அது நான்காம் வகைப் பெயர்ச்சொல், ஃபீகூஸ் என்றுதான் எழுத வேண்டும். மரத்தில் காய்ப்பது ஃபீகூஸ், ஃபீகோஸ் என்றால் மூலநோய் என்று ரோமானியக் கவிஞர் மார்ஷியலே ஒருவரைக் கேலி செய்து பாடியிருக்கிறார். கோடு அதற்காகத்தான்.

பழம்புலவர்: அகராதியைப் புரட்டிவிட்டு வாருங்கள். இரண்டாம் வகை, நான்காம் வகை இரண்டுமே வழக்கில் உண்டு. பேரி மரம் பிருஸ், பழம் பிரும். அத்திக்கோ மரமும் பழமும் ஒரே சொல். இதெல்லாம் ஆரம்பப் பாடம்.

தென்றல்: ஆரம்பப் பாடத்தில் இருப்பவர்தானே ஐயா கேட்கிறார்.

செம்பருத்தி: மரப்பெயர்கள் பெண்பால். மரத்துக்குள் வனதேவதை குடியிருப்பதாக ரோமானியர் நம்பியதே காரணம். நம் அரசமரத்தையும் ஃபைகஸ் ரிலிஜியோசா என்கிறோம், ரிலிஜியோசஸ் என்று ஆண்பாலில் சொல்வதில்லை.

பழம்புலவர்: வனதேவதைக்கு ஆதாரம் எங்கே? அரசமரத்துக்கு அந்தப் பெயரைத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்தார். அது ரோமானியர் பேச்சுக்குச் சாட்சியாகாது.

செம்பருத்தி: அவர் லத்தீன் இலக்கணப்படிதானே வைத்தார்! வனதேவதையை விடுங்கள், பெண்பால் என்பதை மறுக்கிறீர்களா?

பழம்புலவர்: மறுக்கவில்லை. காரணத்தைத்தான் மறுக்கிறேன்.

முதலாண்டு: கோடு இரண்டாவது சொல்லின் கீழ். 'ஃபீகோஸ் மாக்னோஸ் ஏமித்', பெரிய அத்திப்பழங்களை வாங்கினான்.

தென்றல்: அந்த 'பெரிய'தான் விஷயமே! ஃபீகோஸ் சரி, மாக்னோஸ்தான் கோளாறு. பெயர்ச்சொல் ஓஸ் என்று முடிந்தாலும் அது பெண்பால். அடைமொழி பெண்பால் ஈறு பெற வேண்டும்: ஃபீகோஸ் மாக்னாஸ். பண்டைய ரோமானிய எழுத்தாளர் கேட்டோ தம் வேளாண்மை நூலில் 'ஃபீகோஸ் மரிஸ்காஸ்' என்றே எழுதுகிறார். அந்த வகை அத்தியைச் சுண்ணாம்புப் பாங்கான திறந்தவெளி நிலத்தில் நடச் சொல்லும் இடம் அது. முன் சொல் ஓஸ், பின் சொல் ஆஸ், பாருங்கள். இரண்டு ஈறுகளும் ஒரே ஓசையில் முடிய வேண்டியதில்லை. பால், எண், வேற்றுமை பொருந்தினால் போதும்.

ஏடன்: நோயைக் குறிக்கும்போது மட்டும் அது ஆண்பால். ஆகவே மாக்னோஸ் என்று எழுதினால் பழம் என்ற பொருளே போய்விடும்.

முதலாண்டு: மாக்னாஸ். புரிந்தது, நன்றி. படிக்கப் போகிறேன்.